கலாச்சாரத்தின் மேல் போடும் பழி

இங்கிலாந்தில் ஜிபி எனும் குடும்ப மருத்துவரிடம் பதிந்துள்ள 25 முதல் 64 வயது வரையிலான பெண்களுக்குக் கருப்பைவாய்ப் புற்றுநோய்ப் பரிசோதனைக்கான அழைப்பு ஒழுங்காக அனுப்பப்படுகிறது. இந்த ஏற்பாடு 1988இல் தொடங்கியது. வங்காளதேச, பாகிஸ்தானிய, சோமாலிய, இந்தியக் குடும்பங்களின் பெண்கள் மற்றவர்களைவிடக் குறைவாகவே இந்தப் பரிசோதனைக்குச் செல்கிறார்கள். அவர்களுடைய கலாச்சாரமும் கூச்சமுமே இதற்குக் காரணம் என்று மருத்துவத் துறையிலும், அந்தச் சமூகங்களுக்குள்ளேயும் பலர் நம்புகிறார்கள். சான்றுகள் இந்த நம்பிக்கைக்கு இடம் கொடுக்கவில்லை.

கூச்சம் உண்டு. வலி பற்றிய பயமும் உண்டு. இரண்டும் வெள்ளையினப் பெண்களுக்கும் உண்டு. பரிசோதனைக்குப் போகாத பிரிட்டிஷ் பெண்களை வகைபிரித்துப் பார்த்த 2017ஆம் ஆண்டு ஆய்வொன்றில், ஏறக்குறைய பாதிப் பேர் போகவேண்டும் என்றே எண்ணியிருந்தவர்கள். கால் பங்குக்குச் சற்றுக் கூடுதலானவர்கள் இப்படியொரு சோதனை இருப்பதையே அறியாதவர்கள். யோசித்து, வேண்டாம் என்று முடிவெடுத்தவர்கள் சிறுபகுதிதான். சிறுபான்மை இனப் பெண்கள் கூடுதலாகக் காணப்பட்டது அறியாதவர்களின் கூட்டத்தில். தெரியாத ஒன்றை ஒருத்தி கலாச்சாரத்தின் பெயரால் மறுத்தாள் என்பது எப்படிப் பொருந்தும்?

தெரியாமல் போனதற்கான காரணங்கள் கண்ணெதிரே இருக்கின்றன. அழைப்புக் கடிதம் ஆங்கிலத்தில் வருகிறது. வாடகை வீடு மாறிக்கொண்டே இருக்கும் குடும்பத்துக்கு அது வந்தே சேராமலும் போகலாம். கிழக்கு லண்டனின் டவர் ஹேம்லெட்ஸ் பகுதியில் வாழும் வங்காளதேசத்தவர் பலர் வீட்டில் பேசுவது சில்ஹெட்டி. அவர்களில் பள்ளிக்கூடம் போகாத மூத்த பெண்களின் கையில் வங்காளி எழுத்தில் அச்சிட்ட துண்டறிக்கையைக் கொடுத்தாலும் பயனில்லை. அவர்களுக்கு வேண்டியது வாய்ப்பேச்சு. பிறந்த நாட்டின் பழக்கமும் சேர்ந்துகொள்கிறது. எடுத்துக்காட்டாக, இலங்கையில் 1996 முதல் சுகவனிதையர் கிளினிக்குகள் எனும் பெண்கள் நல நிலையங்களில் இந்தச் சோதனை முதன்மையாக 35 வயதை ஒட்டிய பெண்களுக்கே செய்யப்பட்டது. அங்கிருந்து வந்த இளம்பெண், உடம்பில் ஒரு குறையும் இல்லாதபோது 25 வயதில் வரும் கடிதத்தைத் தனக்கானதல்ல என்று நினைத்தால் அதில் வியப்பில்லை.

நோயைப் பற்றிய விளக்கமும் பாதியில் நின்றுவிடுகிறது. கருப்பைவாய்ப் புற்றுநோய் ஏறக்குறைய எப்போதும் எச்பிவி எனும் வைரஸால் வருகிறது. பாலுறவு கொண்டவர்களில் பெரும்பாலோரை அது வாழ்நாளில் ஒருமுறையாவது தொற்றும். பெரும்பாலும் இரண்டு ஆண்டுகளுக்குள் தானே மறைந்துவிடும். மறையாமல் தங்கும் தொற்றும் புற்றாக மாறப் பொதுவாகப் பத்து ஆண்டுகளுக்கு மேலாகும். அந்த இடைவெளிதான் பரிசோதனைக்குப் பொருள் தருகிறது. கணவர் ஒருவரோடு மட்டுமே வாழ்ந்தவருக்கும் இது வரலாம். பல ஆண்டுகள் அடங்கிக் கிடந்த வைரஸ் பின்னர் வெளிப்படவும் கூடும் என்பதால், சோதனையில் அது தென்பட்டது யாருடைய ஒழுக்கத்துக்கும் சாட்சியாகாது. இந்த ஒரு செய்தியைச் சொல்லாமல் விடுவதால் எத்தனை வீடுகளில் சந்தேகமும் சண்டையும் மூளும் என்பதை அழைப்பு அனுப்புவோர் எண்ணிப்பார்க்க வேண்டும்.

நன்மையை மட்டும் சொல்லி அழைப்பதும் சரியல்ல. இங்கிலாந்தில் கருப்பைவாய்ப் புற்றுநோய் இறப்புகளில் ஏறக்குறைய 70 விழுக்காட்டை இப்பரிசோதனை தடுப்பதாகவும், எல்லோரும் தவறாமல் சென்றால் அது 83 விழுக்காடாகும் என்றும் 2016இல் கணக்கிடப்பட்டது. பெரிய நன்மை இது. ஆனால் நூறு பேரைச் சோதித்தால் சுமார் 13 பேரிடம் எச்பிவி தென்படும். அவர்களில் நான்கு பேர் அளவில் உயிரணு மாற்றமும் இருக்கும். அந்த மாற்றங்களில் பல தாமே சரியாகிவிடக்கூடியவை. எது சரியாகும், எது புற்றாகும் என்று முன்கூட்டிச் சொல்ல முடியாததால், சிலர் தேவையில்லாத சிகிச்சைக்கு உள்ளாகிறார்கள். திசுவை ஆழமாக அகற்றினால் பின்னர் குறைமாதப் பிரசவ வாய்ப்பு கூடும். பிள்ளை பெற விரும்பும் பெண்ணுக்கு இது தெரிந்தாக வேண்டும். நோயாளி முக்கியமாகக் கருதக்கூடிய ஆபத்தை அவருக்குப் புரியும்படி சொல்வது மருத்துவரின் கடமை என்று மான்ட்கோமரி வழக்கில் பிரிட்டன் உச்ச நீதிமன்றம் 2015இல் தீர்ப்பளித்தது. ஆங்கிலம் தெரியாதவருக்கு அந்தக் கடமை குறைந்துவிடுவதில்லை.

பரிசோதனை அறையில் கிடைக்கும் உரிமைகளும் அப்படித்தான். பெண் நர்ஸ் வேண்டும், யோனியை விரித்துப் பார்க்கும் ஸ்பெக்குலம் கருவி சிறிய அளவில் வேண்டும், வலித்தால் நிறுத்த வேண்டும் என்று கேட்கலாம். அரசுச் சுகாதாரச் சேவையான என்எச்எஸ் வழியாக மொழிபெயர்ப்பாளரை இலவசமாகக் கேட்டுப் பெறலாம். கணவரையோ மகளையோ இடையில் நிறுத்திப் பாலுறவு பற்றிய கேள்விகளைக் கேட்டுவிட்டு, அந்தப் பெண் வாய் திறக்கவில்லை, எல்லாம் கலாச்சாரம் என்று முடிவுகட்டுவது அநியாயம்.

ஏற்பாட்டை மாற்றினால் என்ன நடக்கும் என்பதை வடக்கு, கிழக்கு லண்டனில் 2021இல் தொடங்கிய யூஸ்கிரீன் ஆய்வு காட்டியது. நெடுநாள் பரிசோதனைக்கு வராத பெண்களுக்குத் தாமே மாதிரி எடுக்கும் பஞ்சுக்குச்சி தரப்பட்டது. எடுத்து அனுப்பியவர்களில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கினர் சிறுபான்மை இனத்தவர். கலாச்சாரம் அதே கலாச்சாரம்தான், மாறியது வழிமுறை. ஆனால் அந்தக் குச்சியில் எச்பிவி தென்பட்டால் கிளினிக்குக்கு வரவேண்டியிருக்கும் என்பதை முதலிலேயே சொல்லிவிட வேண்டும்.

ஜிபி நிலையங்களுக்கான ஊக்கத்தொகையின் ஒரு பகுதி, பரிசோதித்துக்கொண்ட பெண்களின் விகிதத்தைப் பார்த்துத் தரப்படுகிறது. எத்தனை பேர் புரிந்துகொண்டார்கள் என்பது அந்தக் கணக்கில் வருவதில்லை. எல்லாம் கேட்டறிந்து வேண்டாம் என்று சொல்லும் பெண்ணின் முடிவும் முடிவே. அவர் மனம் மாறினால் எப்போதும் திரும்பி வரலாம். பரிசோதனையை ஏற்றவரானாலும் மறுத்தவரானாலும், மாதவிடாய்களுக்கு இடையிலோ பாலுறவுக்குப் பின்னரோ மாதவிடாய் நின்ற பின்னரோ இரத்தம் கசிந்தால், அடுத்த கடிதத்துக்குக் காத்திராமல் உடனே மருத்துவரைப் பார்க்க வேண்டும் என்பதையும் அவரவர் மொழியில் சொல்லியாக வேண்டும்.