திரை இருண்டால் கணினி இறந்ததாகுமா?

செல்வர் இல்லங்களில் மட்டுமே காணப்பட்ட மடிக்கணினி, உழைக்கும் மக்களின் பிள்ளைகள் கைக்கும் வந்து சேர்ந்தது அண்மைக் கால வரலாறு. தமிழக அரசு 2011ஆம் ஆண்டு செப்டம்பர் 15ஆம் நாள் தொடங்கிய விலையில்லா மடிக்கணினித் திட்டம் இதற்குப் பெரிதும் துணை நின்றது. அவ்வாறு வந்த கருவிகளுள் பல இன்று பரண்களில் உறங்குகின்றன. கேட்டால், "திரை போய்விட்டது" என்பதே பெரும்பாலோர் விடை. திரை இருண்டதனாலேயே ஒரு கருவி இறந்துபட்டதாகக் கொள்ளலாமா என்பதே இக்கட்டுரையின் வினா.

நம் துறையில் முதுகலை பயிலும் மாணவர் ஒருவர், தம் தமையனார் பயன்படுத்திய பழைய மடிக்கணினியில்தான் ஆய்வேட்டைத் தட்டச்சு செய்து வந்தார். விண்டோஸ் 10 இயங்குதளத்திற்கான பொதுவான ஆதரவு 2025ஆம் ஆண்டு அக்டோபர் 14ஆம் நாளோடு முடிவுற்றது. அடுத்த பதிப்பு கேட்கும் வன்பொருள் தகுதி அக்கருவிக்கு இல்லை. எனவே, ஆய்வேட்டைப் படியெடுத்து வைத்துக்கொண்டு, திறமூல இயங்குதளமான லினக்ஸை நிறுவினார். நிறுவி முடித்து மீண்டும் இயக்கியபோது, நிறுவனத்தின் முத்திரை ஒரு கணம் தோன்றியது. பின்னர்த் திரை முற்றிலும் இருண்டது. பழுது பார்க்கும் கடையொன்றில் காட்டியபோது, "தாய்ப்பலகை போய்விட்டது, புதிது வாங்குங்கள்" என்றனர். புதிது வாங்க அவருடைய தாயார் வளையலை அடகு வைக்க எண்ணியிருக்கிறார் என்று அறிந்தபோது, நாமும் அக்கருவியை ஒருமுறை பார்க்கத் துணிந்தோம்.

நோய் நாடி, நோய் முதல் நாடுவதே முறை. முதலில் முத்திரை தெளிவாகத் தோன்றியதால், திரையும் அதன் விளக்கும் உயிரோடுதான் உள்ளன என்பது புலனாயிற்று. அடுத்து, இருண்ட திரையின்மீது கைவிளக்கைச் சாய்வாகப் பிடித்தோம். எழுத்துகள் மங்கலாகத் தெரிந்தன! படம் வருகிறது, திரைக்குப் பின்னுள்ள ஒளி மட்டும் அணைந்துள்ளது என்று பொருள். புறத்திரை ஒன்றை இணைத்தபோது அதில் படம் குறைவின்றித் தோன்றியது.

இனி மருந்து. கணினி தொடங்கும்போது ஷிப்ட் அல்லது எஸ்கேப் விசையை அழுத்தினால் 'கிரப்' எனும் தொடக்கப் பட்டியல் தோன்றும். அங்கே ஆங்கில 'இ' விசையை அழுத்தி, 'லினக்ஸ்' எனத் தொடங்கும் வரியின் இறுதியில் 'நோமோட்செட்' என்னும் ஒரு சொல்லைச் சேர்த்து, எஃப்10 விசையால் தொடரலாம். திரையின் அளவையும் அமைப்பையும் கெர்னல் தன் பொறுப்பில் எடுத்துக்கொள்ளாமல், தொடக்கத்தில் அமைந்தவாறே விட்டுவிடும்படி அச்சொல் கட்டளையிடுகிறது. திரை ஒளிர்ந்தது. ஆயினும் எழுத்துகள் பெருத்துத் தோன்றின. ஒளியைக் கூட்டவோ குறைக்கவோ இயலவில்லை. ஆகவே அச்சொல் ஊன்றுகோலே அன்றிக் கால் அன்று.

உண்மைக் காரணம் வேறு. பழைய மடிக்கணினிகளில் திரையொளியை ஆளும் வழிகள் ஒன்றுக்கு மேற்பட்டு இருக்கும். கெர்னல் பொருந்தாத ஒன்றைத் தேர்ந்துகொண்டால் ஒளி அணைந்துவிடும். முன்சொன்ன சொல்லை நீக்கி, 'ஏசிபிஐ_பேக்லைட்=வெண்டார்' என்பதைச் சேர்த்தோம். ஒளியும் வந்தது, அதனை ஆளும் உரிமையும் வந்தது. அச்சொல்லை 'கிரப்' அமைப்புக் கோப்பில் எழுதி, 'அப்டேட்-கிரப்' கட்டளையால் நிலைபெறச் செய்தோம். செலவு ஒரு காசும் இல்லை. வளையல் தாயின் கையிலேயே இருக்கிறது.

இந்நிகழ்ச்சி உணர்த்தும் உண்மை யாது? ரிச்சர்டு ஸ்டால்மன் 1983இல் அறிவித்த குனூ திட்டமும், ஹெல்சிங்கி மாணவராயிருந்த லினஸ் டோர்வால்ட்ஸ் 1991இல் வெளியிட்ட லினக்ஸ் கெர்னலும் உலகிற்கு அளித்தது விலையின்மையை மட்டும் அன்று. திறந்து பார்க்கும் உரிமையை. மூடிய மென்பொருளின் நிலை வேறு. என்விடியா நிறுவனம் தன் பழைய வரைகலைச் சில்லுகள் சிலவற்றுக்கான 390 வரிசை இயக்கிக்கு 2022இல் ஆதரவை நிறுத்திக்கொண்டது. அதே ஆண்டு அந்நிறுவனம் திறமூலமாக வெளியிட்ட கெர்னல் கூறுகளோ, 2018இல் அறிமுகமான தலைமுறையும் அதற்குப் பிந்தியவையுமான சில்லுகளுக்கே உரியவை. பழைய சில்லுடையோர்க்கு, தன்னார்வலர் உருவாக்கிய 'நோவோ' இயக்கியே இன்று புகலிடம்.

எல்லாத் திரைகளும் ஒரு சொல்லால் உயிர்த்தெழும் என்று நாம் கூறவில்லை. முத்திரையே தோன்றாவிடினும், திரையில் கோடுகள் நிலையாக நின்றாலும், குற்றம் வன்பொருளில் இருக்கக்கூடும். மின்கலம் உப்பிய கருவியை உடனே ஒதுக்கிவிடுவதே அறிவுடைமை. ஆனால், சோதித்துப் பாராமலே கைவிடுவது வறியவர்மீது சுமத்தப்படும் வீண் வரியாகும் என்பது நம் துணிபு.

"தமிழ்த் துறைக்கும் இதற்கும் என்ன தொடர்பு?" என்று பெரியோர் சிலர் வினவலாம். தொடர்பு உண்டு. இத்தகைய தீர்வுகள் பெரும்பாலும் ஆங்கிலத்திலேயே கிடைக்கின்றன. அம்மாணவர்க்கு அறிவுக் குறைவு இல்லை. தாய்மொழியில் ஒரு பக்கக் குறிப்பு இல்லாததே குறை. அறிவியல் தமிழ் என்று மேடைதோறும் முழங்கும் நாம், ஒரு மாணவனின் இருண்ட திரைக்குத் தமிழில் வழி சொல்ல இயலாவிடின் அம்முழக்கத்தால் யாது பயன்?

ஆகவே மூன்று வேண்டுகோள்கள். மாணவர்கள், தாம் தீர்த்த ஒவ்வொரு பழுதையும் தேதியிட்டு எளிய தமிழில் எழுதித் துறைக்கு அளிக்க வேண்டும். ஆசிரியர்கள் அவற்றைச் செப்பமிட்டுத் தொகுக்க வேண்டும். சமுதாயப் பெரியோர்கள் தம் இல்லங்களில் முடங்கிக் கிடக்கும் மடிக்கணினிகளைக் கல்லூரிக்கு வழங்க வேண்டும்.

பரணில் இருப்பது குப்பையா, ஓர் ஏழை மாணவனின் எழுதுகோலா என்பதைக் கைவிளக்கை எடுத்துப் பார்த்த பின்னரே முடிவு செய்வோமாக.