கொம்பு முளைக்கும் முன்னே



1977, 1981, 1983ஆம் ஆண்டுகளின் வன்செயல்களால் தோட்டங்களை விட்டு வன்னிக்குப் பெயர்ந்த குடும்பங்கள் பல. இரத்தினபுரி, கேகாலைப் பக்கத்திலிருந்து வந்தவர்கள் உங்களிலும் இருப்பீர்கள். லயத்துக்குப் பின்னால் நின்ற மாட்டுக் கொட்டில் உங்களுக்கு நினைவிருக்கும்.

சென்ற மாதம் யட்டியாந்தோட்டைப் பக்கம் ஒரு இறப்பர் தோட்டத்துக்குப் போயிருந்தேன். ஒரு அக்காவின் கையில் பெரிய கட்டு. புல் போடும்போது பசு தலையை ஆட்ட, கொம்பு கிழித்துவிட்டது. குறுகிய கொட்டிலில் விலக இடமில்லை. கை ஆறும்வரை பால்வெட்டுக்குப் போக முடியாது. அந்த நாட்களுக்குச் சம்பளமும் இல்லை.

"மிஸ், இன்னைக்கே கொம்ப அறுத்துப்புட்டா தொல்லை விட்டுச்சு" என்று வாளைக் கையில் எடுத்தார் அவருடைய கணவர்.

நான் தடுத்தேன். வளர்ந்த கொம்புக்குள் எலும்பு, இரத்தக் குழாய், நரம்பு எல்லாம் உண்டு. பெரிய மாட்டில் கொம்பின் உட்குழி மண்டையோட்டின் காற்றறையோடு சேர்ந்திருக்கும். அறுத்தால் இரத்தம் பீறிடும். மழைக்காலத்தில் ஈ மொய்த்துப் புண்ணில் புழு வைக்கும். குடும்பத்தின் ஒரே பசுவையும் இழக்க நேரிடலாம்.

மறுநாள் அரச கால்நடை வைத்தியரை அழைத்து வந்தோம். பசுவின் கொம்பில் உணர்ச்சியில்லாத நுனியை மட்டும் வெட்டி மழுக்கினார். பக்கத்தில் மூன்று வாரக் கன்று நின்றது. ஏறக்குறைய இரண்டு மாதம்வரை கொம்புக் குருத்து மண்டையோட்டில் ஒட்டாமல் தோலோடுதான் இருக்கும். மரத்துப்போக ஊசி போட்டு, சூடேற்றிய கருவியால் அதை நீக்கினார். சில நிமிட வேலை. சிலர் காரப் பசை பூசுவார்கள். அது மழையில் கரைந்து கன்றின் கண்ணைக் கெடுக்கும், தாயின் மடியையும் சுடும்.

"மோழை மாட்டுக்குப் பொங்கலன்னைக்கு எதுல சாயம் பூசுறது?" என்று கேட்டார் பாட்டி.

"நெத்தியில பெருசா பொட்டு வச்சிருவோம் அம்மாயி" என்று சிரித்தார் அக்கா.

சகோதரிகளே, ஒற்றைப் பசுவை வெளியில் கட்டி வளர்ப்பவர்களுக்கு இது கட்டாயமல்ல. கொட்டிலில் நெருக்கமாக வளர்ப்பவர்கள், கன்று பிறந்த நாளைக் கலண்டரில் குறித்து வையுங்கள். முதல் சில வாரங்களுக்குள் வைத்தியரை அழையுங்கள். மரத்துப்போகும் ஊசி போடுவாரா என்று தயங்காமல் கேளுங்கள். மாடு யார் பெயரில் இருந்தாலும் புல் அறுப்பதும் பால் கறப்பதும் குத்து வாங்குவதும் நாம்தானே. முடிவிலும் நமக்குப் பங்கு வேண்டும்.