மருந்து நோயோடு பொருந்த வேண்டும்: முகப்பருவும் நம் வீட்டு எண்ணெய்களும்

எல்லாப் புகழும் வல்ல அல்லாஹ்வுக்கே. ஸலவாத்தும் ஸலாமும் நம் உயிரினும் மேலான நபி (ஸல்) அவர்கள் மீதும், அவர்களின் குடும்பத்தார், தோழர்கள் மீதும் உண்டாவதாக.

நாம் பாடம் நடத்தும் பெண்கள் மதரஸாவில் பதினாறு வயது மாணவி ஒருத்தி, பெண்கள் மட்டுமே இருக்கும் வகுப்பறையிலும் முகத்திரையை விலக்காமல் கடைசி வரிசையில் அமரத் தொடங்கினாள். குர்ஆனை அழகிய ராகத்தில் ஓதும் பிள்ளை. ஓதச் சொன்னால் தலை குனிந்துகொண்டாள். சில நாள்களுக்குப் பின் அவளுடைய உம்மா நம்மைச் சந்திக்க வந்தார். கைப்பையிலிருந்து இரண்டு புட்டிகளை எடுத்து மேசை மீது வைத்தார். ஒன்று ஸைத்தூன் எண்ணெய், மற்றொன்று கருஞ்சீரக எண்ணெய். “ரெண்டு மாசமா ராத்திரி தவறாம தடவுறா ஆலிமாம்மா. முன்ன நாலஞ்சு பருதான் இருந்துச்சு. இப்ப கன்னம் முழுக்கச் சீழ் வைக்குது. ஹதீஸ்ல வந்த எண்ணெய் எப்படிக் கேக்காமப் போகும்? என் ஈமான்லதான் கோளாறுன்னு புள்ள ராவெல்லாம் அழுவுறா” என்றார்.

பருவைவிட அந்தக் கடைசி வாக்கியமே நம்மை வருத்தியது. முகத்தில் தோன்றிய ஒரு நோயை, மார்க்கத்தின் பெயரால் நாமே அப்பிள்ளையின் இதயத்திற்குள் கொண்டுசென்றுவிட்டோம் என்று தோன்றியது. அதனாலேயே இதை எழுதுகிறோம். பரக்கத் பொருந்திய ஒரு பொருள், எல்லாத் தோலுக்கும் எல்லா நிலையிலும் பூசத் தக்கது என்று பொருளாகாது. அதைப் பூசிக் குணமாகாதவரின் ஈமானை அளக்க அந்த எண்ணெய் ஓர் அளவுகோலும் அன்று.

முதலில் மார்க்கத்தின் பக்கம் நின்று பார்ப்போம். ஸைத்தூன் எண்ணெயை உண்ணுமாறும் பூசிக்கொள்ளுமாறும் நபி (ஸல்) அவர்கள் ஏவியதாகவும், அது பரக்கத்தான மரத்திலிருந்து கிடைப்பது எனக் கூறியதாகவும் உமர் (ரலி) அவர்கள் வாயிலாக திர்மிதி, இப்னு மாஜா ஆகிய நூல்களில் அறிவிப்பு உள்ளது. கருஞ்சீரகத்தில் மரணத்தைத் தவிர ஏனைய நோய்களுக்கு ஷிஃபா இருப்பதாக வரும் ஹதீஸ் புகாரியிலும் முஸ்லிமிலும் இடம்பெற்றுள்ளது. இவற்றை நாம் முழுமனத்துடன் ஏற்கிறோம். ஆனால் இவ்விரண்டை மட்டும் பற்றிக்கொண்டு, ஜாபிர் (ரலி) அவர்கள் வழியாக முஸ்லிமில் வரும் மற்றொரு ஹதீஸை மறந்துவிடுகிறோம். ஒவ்வொரு நோய்க்கும் மருந்து உண்டு என்றும், அந்த மருந்து நோயோடு பொருந்தும்போது அல்லாஹ்வின் நாட்டப்படி குணம் கிடைக்கும் என்றும் அது சொல்கிறது. பொருந்துதல் என்னும் நிபந்தனை அங்கே தெளிவாக இருக்கிறது.

நம் இமாம்களும் இவ்வாறே விளங்கினர். கருஞ்சீரக ஹதீஸுக்கு விளக்கம் எழுதும் இமாம் இப்னு ஹஜர் அல் அஸ்கலானி (ரஹ்) அவர்கள், அது சில வேளை தனித்தும் சில வேளை பிற பொருள்களுடன் கலந்தும், பொடித்தும், உண்டும், பூசியும் நோய்க்கேற்பப் பயன்படுத்தப்படும் என்னும் கருத்தை ஃபத்ஹுல் பாரியில் எடுத்துரைக்கிறார்கள். இமாம் இப்னுல் கையிம் (ரஹ்) அவர்கள் ஸாதுல் மஆத் நூலில் எண்ணெய் பூசுவதைப் பற்றிப் பேசும்போது, ஹிஜாஸ் போன்ற வெப்ப நாடுகளில் அது உடல்நலத்திற்கு மிகவும் அவசியமானது என்றும், குளிர்நாட்டினருக்கு அத்தேவை இல்லை என்றும் பிரித்துக் காட்டுகிறார்கள். நாட்டுக்கு நாடு வேறுபாடு உண்டு என்றால், தோலுக்குத் தோல் வேறுபாடு இராதா? ஹிஜாஸின் வறண்ட காற்றில் வெடிக்கும் தோலுக்கு எண்ணெய் ஒரு காப்பு. காயல்பட்டினத்திலும் நாகூரிலும் கடற்காற்றின் ஈரத்தில் வியர்த்து, தானாகவே எண்ணெய் வழியும் பதின்வயதுப் பிள்ளையின் முகத்திற்கு அதே எண்ணெய் ஒரு சுமையாகலாம்.

இனி, பரு எவ்வாறு உண்டாகிறது என்பதைச் சற்று அறிந்துகொள்வது நல்லது. தோலின் ஒவ்வொரு மயிர்க்காலோடும் ஓர் எண்ணெய்ச் சுரப்பி இணைந்துள்ளது. பருவ வயதில் ஹார்மோன்களின் தூண்டுதலால் அது மிகுதியாகச் சுரக்கிறது. மயிர்க்காலின் உட்சுவரிலிருந்து உதிரும் இறந்த செல்கள் அந்த எண்ணெயோடு கலந்து வாயை அடைக்கின்றன. அடைபட்ட இடத்தில், தோலில் இயல்பாகவே வாழும் ஒருவகைப் பாக்டீரியா பெருகுகிறது. அழற்சி ஏற்பட்டுச் சிவந்து சீழ் கோக்கிறது. எனவே பரு என்பது அழுக்கினால் வருவதன்று. பாவத்தினால் வருவதும் அன்று. ஏற்கெனவே எண்ணெய் மிகுந்து அடைபட்ட இடத்தின் மீது கனமான எண்ணெயை இரவு முழுதும் பூசி வைத்தால் என்ன ஆகும் என்பதை எவரும் ஊகிக்கலாம்.

எல்லா எண்ணெய்களும் ஒன்றல்ல. ஸைத்தூன் எண்ணெயில் பெரும்பங்கு ஓலிக் அமிலம். 2013இல் வெளியான ஓர் ஆய்வில், வளர்ந்தவர்களின் தோலில் சில வாரங்கள் நாள்தோறும் ஸைத்தூன் எண்ணெய் பூசியபோது தோலின் மேற்காப்பு பலவீனமடைந்தது. சூரியகாந்தி எண்ணெய் பூசிய இடத்தில் அக்காப்பு குலையவில்லை. சூரியகாந்தி எண்ணெயில் லினோலிக் அமிலம் மிகுதி. பரு உள்ளவர்களின் தோல் சுரக்கும் எண்ணெயில் இந்த லினோலிக் அமிலம் குறைவாக இருப்பதும் அறியப்பட்டுள்ளது. தேங்காய் எண்ணெயில் ஏறத்தாழப் பாதி லாரிக் அமிலம். அது பருக் கிருமியை எதிர்ப்பதை ஆய்வகத்தில் கண்டுள்ளனர். எனினும் எண்ணெயாக முகத்தில் பூசும்போது, பரு வரும் தோலில் மயிர்க்கால்களை அடைக்கும் இயல்பு அதற்கு உண்டு. கருஞ்சீரக எண்ணெய் அழற்சியைத் தணிக்கக்கூடியது என்பதற்குச் சிறிய அளவிலான ஆய்வுகள் உள்ளன. அதே வேளையில், அதை நேரடியாகப் பூசியதால் தோல் சிவந்து கொப்புளம் கண்ட நிகழ்வுகளும் மருத்துவ இதழ்களில் பதிவாகியுள்ளன.

டீ ட்ரீ எண்ணெய் என்று கடைகளில் கிடைப்பது வேறு வகை. அது ஆஸ்திரேலியாவின் ஒரு மர இலையிலிருந்து வடித்தெடுக்கப்படும் நறுமண எண்ணெய். 1990இல் அந்நாட்டில் 124 பேரிடம் நடந்த ஆய்வில், 5 விழுக்காடு டீ ட்ரீ எண்ணெய் கலந்த ஜெல், பருவுக்கு வழங்கப்படும் பென்சாயில் பெராக்சைடு மருந்தைப் போலவே பருக்களைக் குறைத்தது. ஆனால் மெதுவாகவே வேலை செய்தது. கவனிக்க வேண்டியது அந்த 5 விழுக்காடு என்னும் அளவு. அதே எண்ணெயைக் கலப்பின்றி முகத்தில் தடவினால் தோல் புண்ணாகும். இயற்கையானது என்பதற்காக மென்மையானது என்றாகிவிடாது.

நம் பெண்பிள்ளைகள் விஷயத்தில் இன்னொரு காரணத்தையும் சொல்ல வேண்டும். காலையில் தலைக்குத் தேங்காய் எண்ணெய் வைத்து, இறுகப் பின்னி, உள்தொப்பி அணிந்து, அதன்மேல் ஹிஜாபைச் சுற்றி, மாலை வரை வெயிலிலும் பேருந்திலும் செல்கிறார்கள். எண்ணெயும் வியர்வையும் துணியின் உராய்வும் நெற்றியோரத்தில் ஒன்று சேர்கின்றன. தலையெண்ணெயால் நெற்றியோரத்திலும் கன்னப்பொறியிலும் சிறு சிறு பருக்கள் தோன்றுவதை மருத்துவர்கள் நெடுங்காலமாக அறிவார்கள். இதற்கு ஹிஜாபைக் குறைகூறுவது அறியாமை. குளிக்கும் நாளுக்கு முந்தைய இரவு எண்ணெய் வைத்து மறுநாள் அலசிவிடலாம். அல்லது முடியின் நுனிக்கு மட்டும் வைக்கலாம். உள்தொப்பியை நாள்தோறும் துவைத்து, காற்றோட்டமான பருத்தித் துணியைத் தேர்ந்தால் போதும். தலையணை உறையையும் அடிக்கடி மாற்ற வேண்டும்.

“அப்படியானால் சுன்னத்தை விட்டுவிடச் சொல்கிறீர்களா?” என்று சிலர் கேட்கக்கூடும். அல்லாஹ் காப்பானாக! ஸைத்தூன் எண்ணெயை உணவில் சேர்ப்பதை எவரும் தடுக்கவில்லை. வறண்ட கை கால்களுக்குப் பூசலாம். பரு வராத தோலுடையவர் முகத்திலும் பூசலாம். சுன்னத்தை நேசிப்பவர் அதன் முழு வழியையும் நேசிக்க வேண்டும். ஸஅத் (ரலி) அவர்கள் நோயுற்றபோது, ஹாரிஸ் இப்னு கலதா என்னும் மருத்துவரிடம் செல்லுமாறு நபி (ஸல்) அவர்கள் வழிகாட்டியதாக அபூதாவூதில் வருகிறது. மருத்துவம் அறியாமல் மருத்துவம் செய்பவர் விளையும் கேட்டுக்குப் பொறுப்பாளி ஆவார் என்னும் எச்சரிக்கையும் அதே நூலில் உண்டு. அறிந்தவரிடம் செல்வதும் சுன்னத்தின் வழியே என்பதை ஏன் நாம் மிம்பர்களில் அடிக்கடி சொல்வதில்லை?

“எங்கள் பெத்தும்மா காலத்தில் எல்லாரும் எண்ணெய்தானே பூசினார்கள்?” என்பது மற்றொரு கேள்வி. பூசினார்கள், அரைமணி நேரம் ஊறவைத்துச் சிகைக்காயும் பயற்றமாவும் தேய்த்துக் கழுவினார்கள். இன்று நாம் கழுவுவதை விட்டுவிட்டு எண்ணெயை மட்டும் எடுத்துக்கொண்டோம். மேலும் அன்றும் பருவும் தழும்பும் இருந்தன. அவற்றைப் பற்றி யாரும் பேசவில்லை, அவ்வளவே.

ஜும்ஆ முடிந்து வெளியே வருகையில் “நபிவழி மருந்து” என்று அச்சிட்ட புட்டிகளை விற்கும் சகோதரர்களுக்கும் ஒரு வார்த்தை. ஹலாலான வியாபாரத்தை நாம் குறைகூறவில்லை. ஆனால் ஹதீஸை முகப்பில் அச்சிட்டு, எல்லா வகைப் பருவும் போகும் என்று வாக்களித்தால், அது போகாதபோது வாங்கியவர் விற்றவரைச் சந்தேகிப்பதில்லை. தம் ஈமானையோ, நஊது பில்லாஹ், ஹதீஸையோ சந்தேகிக்கத் தொடங்குகிறார். இந்தப் பாரத்தை மறுமையில் யார் சுமப்பது?

நடைமுறையில் செய்யத்தக்கவை சில. முகத்தை நாளுக்கு இரு முறை, ஃபஜ்ருக்கு முன்னும் இரவு உறங்கும் முன்னும், மென்மையான சோப்பால் கழுவினால் போதும். ஐவேளை உளூவின் தண்ணீர் பருவுக்குத் தீங்கன்று; உளூவுக்குப் பின் முரட்டுத் துண்டால் அழுத்தித் துடைப்பதே தீங்கு. எண்ணெய்ப் பசை இருந்தால் உளூ கூடுமா என்று பிள்ளைகள் கேட்கிறார்கள். தண்ணீர் தோலில் பட்டு ஓடுமானால் வெறும் பசை தடையாகாது. மெழுகுபோல் உறைந்து தண்ணீரைத் தடுக்கும் படிவத்தை நீக்கிவிட வேண்டும். ஏதேனும் எண்ணெயைப் பூச விரும்பினால், முதலில் முன்கையின் உட்புறத்தில் இரண்டு நாள் தடவிப் பார்க்கட்டும். பின் தாடையோரத்தில் சிறு இடத்தில் இரண்டு வாரம் சோதிக்கட்டும். புதிதாகப் பரு எழுந்தால் அந்த எண்ணெய் அத்தோலுக்குரியதன்று என்று விட்டுவிட வேண்டும்.

சீழ்க்கட்டிகளாக வந்தாலும், தழும்பு விழத் தொடங்கினாலும் தாமதிக்கக் கூடாது. பரு ஆறும், பள்ளமாக விழுந்த தழும்பு எளிதில் ஆறாது. நெற்றியிலும் மார்பிலும் ஒரே அளவில் அரிப்புடன் தோன்றும் பொரிகள் பூஞ்சையால் வருபவையாக இருக்கலாம். அப்பூஞ்சை எண்ணெயை உண்டே வளர்வது. மாதவிடாய் தவறுவதும் முகத்தில் முடி வளர்வதும் பருவோடு சேர்ந்திருந்தால், உம்மாமார் கூச்சத்தை விட்டு மகளைப் பெண் மருத்துவரிடம் அழைத்துச் செல்ல வேண்டும். அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளில் தோல் நோய்ப் பிரிவு உள்ளது. மருந்துக் கடையில் மருத்துவர் சீட்டின்றி வாங்கும் வெள்ளையாக்கும் களிம்புகள் பலவற்றில் ஸ்டீராய்டு இருக்கும். அது சில நாள் பளபளப்பைத் தந்து, பின் பருவையே பெருக்கும். மணமான பெண்கள் பருவுக்கு மாத்திரை பெறும்போது, கருத்தரிக்கும் வாய்ப்பை மருத்துவரிடம் கட்டாயம் சொல்ல வேண்டும். ஐசோட்ரெட்டினோயின் என்னும் மாத்திரை கருவிலுள்ள குழந்தைக்குக் கடுமையான ஊனத்தை உண்டாக்கும்.

இவை அனைத்தையும் விட எளிய மருந்து ஒன்று நம் நாவில் உள்ளது. கல்யாண வீட்டுக்குள் நுழையும் பிள்ளையிடம் ஸலாமுக்கு அடுத்த வார்த்தையாக, “முகம் ஏன் இப்படிப் போச்சு? இந்த முகத்தோட நாளைக்கு மாப்பிள்ளை வீட்டுக்காரங்க முன்னால எப்படி நிப்பே?” என்று கேட்கிறோமே, அதை நிறுத்துவோம். ஸூரத்துல் ஹுஜுராத்தில் அல்லாஹ் தடுத்த கேலியும் பட்டப்பெயரும் பள்ளிவாசலுக்குள் ஓதுவதற்கு மட்டும் அருளப்பட்டவை அல்ல. பந்திப் பாயிலும் அவை பின்பற்றப்பட வேண்டும்.

அந்த மாணவியின் உம்மாவிடம் அன்று நாம் சொன்னது இவ்வளவே: “இந்த எண்ணெய் பரக்கத்தானது, ஆனால் இது உங்கள் மகளின் நோயோடு பொருந்தவில்லை. சமையலுக்கு வைத்துக்கொள்ளுங்கள். பிள்ளையைத் தோல் மருத்துவரிடம் காட்டுங்கள். அவள் ஈமானில் ஒரு குறையும் இல்லை என்று இன்றிரவே அவளிடம் சொல்லுங்கள்.” மருத்துவர் தந்த களிம்பு துணியின் சாயத்தை வெளுத்துவிடுவதாகவும், அவளுடைய கறுப்பு மக்கனாவில் திட்டுகள் விழுந்துவிட்டதாகவும் பின்னொரு நாள் அந்தத் தாய் சிரித்துக்கொண்டே கூறினார். பருக்கள் குறைய மூன்று மாதம் ஆயிற்று. சில தழும்புகள் இன்னும் இருக்கின்றன. ஆயினும், முகம் தெளியும் முன்பே அவள் திரையை விலக்கி முன்வரிசையில் அமர்ந்து ஓதத் தொடங்கிவிட்டாள்.

நோயைத் தந்தவனும் மருந்தைப் படைத்தவனுமாகிய அல்லாஹ், பொருத்தமான மருந்தை அறியும் அறிவையும், நோயுற்றவரின் மனம் நோகாமல் பேசும் நாவையும் நம் அனைவருக்கும் தந்தருள்வானாக. ஆமீன்.