ஃபைன் கட்டும் முன் யோசிங்க தோழர்களே!

குடிநீர் கேட்டு ரோட்டில் நின்றதற்கு வழக்கு. சம்மன் வந்ததும் பக்கத்துல இருக்கிறவங்க சொல்வாங்க: "ஒத்துக்கிட்டு ஃபைன் கட்டிடு, முடிஞ்சுது."

முடியாது தோழரே! ஒப்புக்கொண்டால் நீங்கள் குற்றவாளி என்றே தீர்ப்பு எழுதப்படும். நாளைக்கு அரசு வேலை விண்ணப்பத்தில் அதைக் குறிப்பிட வேண்டி வரும்.

போராடுகிறவர்கள் மீது வழக்கமாகப் பாய்வது, அதிகாரியின் உத்தரவை மீறியதாகச் சொல்லும் பிரிவு. பழைய சட்டத்தில் 188. 2024 ஜூலை முதல் பி.என்.எஸ். 223. இதற்கு உத்தரவு போட்ட அதிகாரியோ, அவருடைய மேலதிகாரியோ, புதிய சட்டப்படி அந்த அதிகாரி அதிகாரம் அளித்த வேறு அரசு ஊழியரோ நீதிமன்றத்தில் எழுத்துமூலம் புகார் தர வேண்டும். போலீஸ் குற்றப்பத்திரிகை மட்டும் போதாது. 188 வழக்கிலேயே சென்னை உயர் நீதிமன்றம் 2018-ல் இதைத் தெளிவாகச் சொல்லிவிட்டது.

அதனால்:
✊ எஃப்.ஐ.ஆர். நகலை வாங்குங்க.
✊ வாய்தாவுக்குத் தவறாம போங்க.
✊ வழக்கை ரத்து செய்ய மனு போடலாமான்னு வக்கீலிடம் கேளுங்க. வேற பிரிவும் சேர்த்திருந்தா அதையும் காட்டுங்க.
✊ வக்கீல் வைக்க வசதி இல்லையா? இலவச சட்ட உதவிக்கு 15100.

மக்களுக்காக நின்றோம். செய்யாத குற்றத்தை ஒத்துக்கொண்டு கையெழுத்துப் போடாதீங்க!