பூங்காவுக்கு எதுக்குப் பூட்டு?

பாளையங்கோட்டையில் எங்கள் குடியிருப்புக்குள் ஒரு பூங்கா இருக்கிறது. மனை போட்ட காலத்திலேயே பொதுவுக்கென்று ஒதுக்கிய இடம். பல வருஷம் கருவேலம் மண்டிக் கிடந்தது. தெருக்காரர்கள்தான் வசூல் போட்டுச் சுத்தம் செய்து, வேம்பும் புங்கையும் நட்டார்கள். பிறகு அரசுப் பணத்தில் சுற்றுச்சுவர், நடைபாதை, ஊஞ்சல், இரும்புக் கதவு எல்லாம் வந்தன. கதவோடு பூட்டும் வந்தது. அன்றைக்குப் பிடித்த சனி இன்னும் விடவில்லை.

காலையில் கொஞ்ச நேரம், சாயங்காலம் கொஞ்ச நேரம் திறப்பார்கள். அதுவும் சாவிக்காரர் வந்தால்தான். "சாவி அவுககிட்டல்லா இருக்கு அண்ணாச்சி" என்கிறார்கள். அவுக யார் என்றால் பதில் இல்லை. மண்டையைப் பிளக்கும் மத்தியான வெயிலில், குப்பை வண்டி தள்ளிவிட்டு வரும் பெண்கள் வெளிச்சுவரை ஒட்டிச் சாக்கடை மூடிமேல் உட்கார்ந்து தூக்குச்சட்டியைத் திறக்கிறார்கள். நிழலெல்லாம் சுவருக்கு அந்தப் பக்கம். பார்க்க வயிறு எரிகிறது. திறந்தாலும் என்ன? சீசாவில் பலகை போய் போல்ட் மட்டும் நீட்டிக்கொண்டிருக்கிறது. தண்ணீர்க் குழாயைக் கம்பி போட்டுக் கட்டியிருக்கிறார்கள்.

இந்த ஊருக்கா இந்தக் கதி? 1908-இல் தாமிரபரணிக் கரைத் தைப்பூச மண்டபத்தில் வ.உ.சி.யும் சுப்பிரமணிய சிவாவும் பேச, ஊரே கூடிக் கேட்டது. ஒரு காலத்தில் ஆனித் திருவிழா வந்தால் பொருட்காட்சித் திடலில் கால் வைக்க இடமிருக்காது. திறந்த வெளியில் கூடிப் பழகிய சனம் இது.

பூங்காவையும் திறந்தவெளியையும் காக்க 1959-லேயே தமிழ்நாட்டில் சட்டம் வந்துவிட்டது. 10,000 சதுர மீட்டருக்கு மேற்பட்ட மனைப்பிரிவில் 10 சதவீதம் பொதுவுக்கு விட்டே ஆகவேண்டும் என்று 2019-ஆம் வருஷ விதிகளும் சொல்கின்றன. அந்த இடத்தின் விலையும் சேர்த்துத்தானே மனை வாங்குகிறவர் தலையில் விழுகிறது? நம் காசில் வந்த இடத்துக்குள் போக நாமே கெஞ்ச வேண்டியிருக்கிறது.

திறந்தே வைத்தால் குடிகாரர்கள் வந்துவிடுவார்களாம். அவர்கள் ராத்திரியில் சுவரேறிக் குதிக்கத்தான் செய்கிறார்கள். விடிந்ததும் கண்ணாடிச் சில்லு பொறுக்குவது நாங்கள். ஆள் நடமாட்டம் இருந்தால் எவன் பாட்டிலோடு வருவான்?

புதுசாக எதுவும் கட்டித் தர வேண்டாம். விடியற்காலை முதல் ராத்திரி ஒன்பது வரை திறந்து வையுங்கள். குழாயில் தண்ணீர் விடுங்கள். ஒரு காவலாளியைப் போடுங்கள். மரம் வைத்து வளர்த்தவர்களுக்கு அதைப் பார்த்துக்கொள்ளவும் தெரியும்.