1.4 பாகையில் ஒரு புயல்

"நம் ஊருக்கெல்லாம் புயல் வராது" என்று சிங்கப்பூரிலும் ஜோகூரிலும் எல்லோரும் சொல்வதுண்டு. நானும் சொல்வேன். அதற்கு ஓர் இயற்பியல் காரணம் இருக்கிறது.

காற்று, அழுத்தம் கூடிய இடத்திலிருந்து குறைந்த இடத்துக்கு ஓடும். ஓடுகிற காற்றைச் சுழலும் பூமி பக்கவாட்டில் திருப்பிவிடும். அதுதான் கொரியோலிஸ் விசை. துருவத்தில் முழுமையாக இருக்கும் அந்தத் திருப்பம், 13 பாகையில் உள்ள சென்னையில் ஏறத்தாழ 22 விழுக்காடு. நம்மிடம் இரண்டரை விழுக்காடுகூட இல்லை. திருப்பம் இல்லாவிட்டால் காற்று நேரே பாய்ந்து தாழ்வழுத்தத்தை நிரப்பிவிடும், புயல் பிறக்காது. (குளியலறைத் தொட்டியில் தண்ணீர் சுழன்று இறங்குவதும் இந்த விசையால்தான் என்று வாட்ஸ்அப்பில் வந்தால் நம்பாதீர்கள். அத்தனை சிறிய இடத்தில் அதற்கு வேலையே இல்லை.)

ஆனாலும் 2001 டிசம்பர் 27ஆம் தேதி, வாமெய் புயல் ஜோகூரின் தென்கிழக்கில், சிங்கப்பூரிலிருந்து சுமார் 60 கிலோமீட்டரில் கரையேறியது. பிறந்த இடம் வெறும் 1.4 பாகை வடக்கு!

பூமி தராத சுழற்சி எங்கிருந்து வந்தது? வடகிழக்குப் பருவக்காற்று ஏறக்குறைய ஒரு வாரம் விடாமல் தென்சீனக் கடலில் வீசியது. வழக்கமாகப் போர்னியோவை ஒட்டி நிற்கும் காற்றுச்சுழி அம்முறை கடலுக்கு நகர்ந்து, அந்தக் காற்றின் பாதையிலேயே தங்கியது. உள்ளங்கையால் பென்சிலை உருட்டுவதுபோல் பருவக்காற்று அதைச் சுழற்றிக்கொண்டே இருந்தது.

பிறகு கோண உந்தம் மாறாத விதி வேலையைக் காட்டியது. அலுவலகச் சுழல் நாற்காலியில் கைகளை விரித்தபடி சுற்றி, சட்டென மடக்கிப் பாருங்கள், வேகம் கூடும். காற்றும் அப்படித்தான். மையத்திலிருந்து உள்ள தூரம் பாதியானால், உராய்வு இழப்பை விட்டுவிட்டால், சுற்றும் வேகம் இரட்டிப்பாகும். அருகிலிருந்த அமெரிக்கக் கடற்படைக் கப்பல்கள் மணிக்குச் சுமார் 140 கிலோமீட்டர் வேகக் காற்றைப் பதிவு செய்தன.

உயிரைப் பறித்தது மழை. குனோங் பூலாய் மண்சரிவில் ஐந்து பேர் இறந்தார்கள்.

இப்படி ஒன்று நிகழ நூறாண்டுக்கு மேலும் ஆகலாம் என்று ஆய்வாளர்கள் கணித்தார்கள். சராசரிக் கணக்கு அது. அடுத்தது எந்த ஆண்டு என்று சொல்லாது. டிசம்பரில் ஜோகூர் மலைப்பக்கம் தங்கப் போனால், அறை வாடகையைக் கேட்பதற்குமுன் வானிலை எச்சரிக்கையையும் வீட்டுக்குப் பின்னாலுள்ள சரிவையும் பார்த்துவிடுகிறேன்.