பறித்தனர் முரசை, பேசிற்று பாதம்!

முரசொலி கேட்டு ஆள்வோன் ஏன் அஞ்சுகிறான்? அதிலே கூர்வாள் இல்லை, குண்டு இல்லை, தோலும் கட்டையுந்தானே! ஆயினும் அஞ்சினான், அஞ்சிச் சட்டமே இயற்றினான். 1739ஆம் ஆண்டு செப்டம்பர்த் திங்களில், அமெரிக்காவின் தென் கரோலினாவில், ஸ்டோனோ ஆற்றங்கரையில் கறுப்பின அடிமைகள் கிளர்ந்தெழுந்து, முரசறைந்து, கொடி உயர்த்தித் தெற்கு நோக்கி நடந்தனர். அவர்கள் நசுக்கப்பட்டனர். மறு ஆண்டே, 1740இல், எசமானர் கூடிச் சட்டம் செய்தனர்: அடிமை முரசு வைத்திருத்தலாகாது, கொம்பு ஊதலாகாது, அடிமைக்கு எழுதக் கற்பிப்போருக்குத் தண்டம்!

முரசும் எழுத்தும்! இவ்விரண்டையும் ஒரே சட்டத்திற் பூட்டி வைத்தனர் என்பதை எண்ணிப் பாருங்கள், தோழர்களே!

கடல் கடந்த பழங்கதை நமக்கெதற்கு என்று கொட்டாவி விடுவோர் இருப்பர். கதை அங்கே மட்டும் நடக்கவில்லை. 1930 டிசம்பரில், இதே இராமநாதபுரம் மாவட்டத்தில், ஆதிக்கச் சாதியினர் ஆதிதிராவிட மக்கள்மீது எட்டுத் தடைகளை விதித்தனர். பணிய மறுத்தோரின் குடிசைகள் கொளுத்தப்பட்டன. கால்நடைகள் கொள்ளை போயின. ஆறே திங்கள் கழிந்தன. 1931 ஜூனில் தடைகள் பதினொன்றாகப் பெருகின. பொன் நகை பூணலாகாது. பெண்கள் மண்குடத்திலேதான் நீர் கொணர வேண்டும். பிள்ளைகள் படிக்கலாகாது, மாடு மேய்க்க வேண்டும். மணவிழாவில் மேளம் ஒலிக்கலாகாது! யாரோ மேடையில் ஆத்திரத்திற் சொன்ன கூற்றன்று இது. 1931 மக்கட்தொகைக் கணக்கெடுப்பின் ஆணையராயிருந்த ஹட்டன் என்னும் ஆங்கிலேயர் தம் நூலிற் பொறித்து வைத்திருக்கும் செய்தி.

படிக்கலாகாது, மேளம் ஒலிக்கலாகாது. தென் கரோலினாவிற் கேட்ட அதே இரண்டு கட்டளைகள், 190 ஆண்டுகள் கழித்து நம் மண்ணிலும் கேட்டன. எந்நாட்டு எசமானனும் ஒரே பாடப்புத்தகத்தைத்தான் படிக்கிறான் போலும்! கரும்பலகையின் முன் நின்று, அன்று தடுக்கப்பட்டோரின் பேரர்களுக்கு அகரம் கற்பிக்கும் நமக்கு, இச்செய்தி நெஞ்சைச் சுடுகிறது.

முரசைப் பறிகொடுத்த கறுப்பன் என்ன செய்தான்? கையைத் தட்டினான், தொடையைத் தட்டினான், காலால் தரையைத் தட்டினான். அந்தத் தாளம் பின்னாளில் நியூயார்க்கின் ஏழைச் சேரிகளில் அயர்லாந்துக்காரரின் குதியாட்டத்தோடு கலந்தது. காலணியின் முனையிலும் குதியிலும் உலோகத் தகடு ஏறிற்று. ‘டேப்’ நடனம் என்று உலகம் கொண்டாடுவது அதைத்தான். காணவும் வேண்டும், கேட்கவும் வேண்டும். ஆடுவோன் காலே முழவு.

அதையும் விட்டார்களா? 1830களில் தாமஸ் ரைஸ் என்ற வெள்ளை நடிகன் முகத்திற் கரி பூசி, கறுப்பரைப் பல்லிளிக்கும் கோமாளிகளாகக் காட்டிக் காசு குவித்தான். அவன் ஏற்ற ‘ஜிம் குரோ’ வேடத்தின் பெயரே பின்னர் இனவொதுக்கற் சட்டங்களுக்கும் பெயராயிற்று. கொடுமையைக் கேளுங்கள்: கறுப்பு நடிகன் மேடையேற விரும்பினால், தன் கறுப்பு முகத்தின்மேல் அவனும் கரி பூசிக்கொள்ள வேண்டியதாயிற்று! 1921இல் நியூயார்க்கில் ‘ஷஃபிள் அலாங்’ என்ற இசை நாடகம் அரங்கேறியது. எழுதியோர், இசையமைத்தோர், ஆடியோர் எல்லாரும் கறுப்பர். 504 முறை நடந்தது. உரிமைக்குரல் பால் ராப்சனும் சில காலம் அதிற் பாடினார். அந்நாடகத்திலும் எழுத்தாளர்களான மில்லரும் லைல்சும் கரி பூசியே நடித்தனர்.

எனவேதான் 1950களிலும் 60களிலும் உரிமைப் போரில் இறங்கிய கறுப்பின இளைஞர் பலர் இந்த ஆட்டத்தை வெறுத்தனர். வெள்ளையனைச் சிரிக்க வைத்த ஆட்டம் என்றனர். அந்த வெறுப்பிலே மானம் இருந்தது. பின்னர் வந்தார் சாவியன் குளோவர் என்ற இளைஞர். இளிப்பைத் தூக்கி எறிந்தார், ஆட்டத்தை வைத்துக்கொண்டார். ஜார்ஜ் வுல்ஃப் இயக்க, 1996இல் பிராட்வேக்கு வந்த ‘பிரிங் இன் த நாய்ஸ், பிரிங் இன் த ஃபங்க்’ நாடகத்தில், அடிமைக் கப்பலும், மரத்திற் கட்டித் தொங்கவிடப்பட்டவனின் துடிப்பும், சிகாகோ ஆலையின் இரைச்சலும், கறுப்பனைக் கண்டால் நிற்காமற் போகும் வாடகைக் காரும் கால்களின் வழியே பேசின. ஆயிரம் முறைக்கு மேல் நடந்தது. 2016இல் அதே இருவர், 1921 நாடகம் பிறந்த வரலாற்றையே நாடகமாக்கினர்: பணமின்றி எப்படி ஊர் ஊராய் அலைந்தனர், எப்படி வென்றனர், வென்றவர்களை நாடு எப்படி மறந்தது என்பதையெல்லாம், மறக்கப்பட்டோரின் ஆட்டத்தைக் கொண்டே ஆடிக் காட்டினர்.

இங்கே நம் நிலை என்ன? சாவு வீட்டுக்கு அடி, சொன்னபோதெல்லாம் அடி, மறுத்தால் உதை என்றிருந்த பறையை வெறுத்து, இனி அடியோம் என எறிந்த ஊர்கள் உண்டு. அதையே விடுதலைக் கருவியாக்கி மேடையில் முழக்கும் இளைஞரும் உண்டு. இரு சாராரையும் நாம் வணங்குகிறோம்; முன்னவர் கட்டாயத்தை எறிந்தனர், பின்னவர் கலையை மீட்டனர். 2025இல் மதுரைப் பறையிசைக் கலைஞர் வேலு ஆசானுக்குப் பத்மஸ்ரீ விருதும் வந்தது. டெல்லியில் விருது! நம் பள்ளி ஆண்டு விழாவிலே பறையா என்றால், “சாவு மேளமா? சரசுவதி கோவிலிலா?” என்று முகஞ்சுளிக்கும் பெரியவர்களைத்தான் நாம் அன்றாடம் காண்கிறோம். அதே மேடையில், அதே பெரியவர்கள் கைதட்ட, அரைகுறைச் சினிமாப் பாட்டுக்குப் பச்சிளங்குழந்தைகள் இடுப்பை ஆட்டலாம், அதற்குத் தடையில்லை!

விசுவநாததாசை எத்தனை மாணவர் அறிவர்? 1886இல் சிவகாசியிற் பிறந்தவர். 1985இல் மாவட்டம் பிரிக்கப்படும் வரை அவ்வூர் நம் இராமநாதபுரத்தோடுதான் இருந்தது. சங்கரதாஸ் சுவாமிகள் வளர்த்த இசை நாடக மரபின் பெருநடிகர். முருகன் வேடத்தில் வந்து வெள்ளையரைச் சாடிப் பாடுவார். காவலர் காத்து நிற்பர். சிறை பலமுறை கண்டார். வெள்ளையன் சிறை பாட்டுக்காக! நம்மவர் விதித்த சிறையோ பிறப்புக்காக! மருத்துவர் குலத்தில், அதாவது ‘அம்பட்டன்’ என்று ஊரார் இழித்துரைத்த குலத்தில் பிறந்தார் என்பதால் அவரோடு சேர்ந்து நடிக்க மறுத்த நடிகையர் இருந்தனர். மேடையில் அவர் கடவுள், மக்கள் கைகூப்பினர். மேடையை விட்டு இறங்கினாலோ தீண்டத்தகாதவர். 1940 டிசம்பர் 31 அன்று சென்னையில், மயில்மேல் அமர்ந்த முருகன் வேடத்திலேயே, பாடியபடி உயிர் நீத்தார். திருமங்கலத்தில் நினைவு இல்லம் இருக்கிறது. நாடகம் எங்கே இருக்கிறது?

பங்குனி, சித்திரை வந்துவிட்டால் சேதுச் சீமையின் ஊர்களிலெல்லாம் மேடை எழும். வெவ்வேறு ஊர்களிலிருந்து நடிகர் வந்து சேர்வர், ஒத்திகை கிடையாது, மேடையிலேதான் ஒருவரையொருவர் சந்திப்பர், விடிய விடிய ‘வள்ளி திருமணம்’ நடக்கும். எத்தகைய பயிற்சி இருந்தால் இது கைகூடும்! விடிந்ததும் அதே கலைஞர் வாடகைக்கு வீடு கேட்டால், “கூத்தாடிக்கு வீடில்லை” என்பர். கரகம் ஆடும் பெண்ணிடம் சீழ்க்கை அடித்து ஆபாசம் கேட்பவனும் ஊரான்தான். மறுநாள், “கரகாட்டம் கெட்டுவிட்டது” என்று ஒழுக்கம் பேசுபவனும் அவன்தான்.

“கலைக்கேது சாதி? பழம்புண்ணைக் கிளறுவானேன்?” என்று கேட்கும் கனவான்களுக்கு ஒரு சொல். கலைக்குச் சாதி இல்லை என்பது மெய்யானால், மேளத்துக்குத் தடை விதித்தது எதற்காக? புண் ஆறியிருந்தால் தொடும்போது உமக்கேன் வலிக்கிறது?

நமக்கு வேண்டுவது ஒரு நாடகம். ஆர்மோனியம் உண்டு, மிருதங்கம் உண்டு, டோலக்கு உண்டு. விடிய விடிய விழித்திருக்கும் மக்களும் உண்டு. திருவிழா இரவுகளில் ஓரிரவை ஊரார் தரட்டும். பறையும் அம்மேடை ஏறட்டும். இசை நாடகக் கலைஞரே நடிக்கட்டும்; தம் முன்னோர் கதையைத் தம் வாயாற் சொல்லட்டும். முதற்காட்சி 1931 ஜூன்: ஒரு மணவீடு, மூலையில் உறையிட்ட மேளம், வாயிலில் தடிகளோடு நால்வர். மணப்பெண் வருகிறாள். அங்கே தாளம் எங்கிருந்து எழும் என்பதை எழுதத் துணியும் இளைஞர் எழுதட்டும். நடிக்க நம் மாணவர் அணியமாயுள்ளனர்.